கொறங்காட்டுக் குட்டியா, பரண் குட்டியா?

நாலைந்து வீடு சேர்ந்து ஒரு ஆட்டுக் குட்டியைப் பிடித்துக் கறியைப் பங்கு போட்டுக்கொள்வது நம் கொங்குப் பக்கம் பழைய வழக்கம். இப்போது அதற்கு இரண்டு வகைக் குட்டி கிடைக்கிறது. மூலனூர், வெள்ளகோவில் பக்கம் கொறங்காடு என்னும் மேய்ச்சல் காட்டில் மேய்ந்த மேச்சேரி இனச் செம்மறிக் குட்டி ஒன்று. தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய பரணிலோ கொட்டகையிலோ அடைத்து, மக்காச்சோளமும் புண்ணாக்கும் தவிடும் கொடுத்துத் தேற்றிய குட்டி இன்னொன்று. மழை முடிந்த மாதங்களில் என் ஓட்டு கொறங்காட்டுக்குத்தான். கோடையில் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கொறங்காடு என்றால் சும்மா கிடக்கும் தரிசு இல்லை. சுற்றிலும் கிளுவை வேலி, நடுவில் வெள்வேல மரங்கள், கீழே கொழுக்கட்டைப் புல். நரிப்பயறு போன்ற கொடிகளும் கலந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகப் பெய்தால் தை வரை புல்லுக்குக் குறைவிருக்காது. குட்டி நாள் முழுக்க நடந்து மேய்வதால் சதை இறுகி, கொழுப்பு மெல்லிசாகவே இருக்கும். பங்குனி, சித்திரையில் புல் காய்ந்துவிடும். வெள்வேலங்காய் கைகொடுத்தாலும் குட்டி உடம்பு வைக்காது. அந்த மாதத்தில் பிடித்தால் பங்கில் எலும்புதான் கூட வரும்.

பரண் குட்டிக்கு இந்தக் கவலை இல்லை. எந்த மாதமும் ஒரே மாதிரி தேறும், சீக்கிரம் எடையும் வைக்கும். கல்யாணம், சீர் என்று தேதி குறித்து நிறையக் கறி வேண்டுமென்றால் அதுவே தோது. ஆனால் வளர்ப்பவர் கை பக்குவமாக இருக்க வேண்டும். பசுந்தீவனத்தைக் குறைத்து ஒரேயடியாகத் தானியத்தை ஏற்றினால் குட்டியின் வயிறு புளித்துப்போகும், துள்ளுமாரி என்னும் குடல் நோயும் வரலாம். மேய்ச்சல் குட்டிக்கு வேறு தொல்லை, குடற்புழு. எந்தப் பட்டிக்குப் போனாலும், தடுப்பூசி எப்போது போட்டீர்கள், புழு மருந்து எப்போது கொடுத்தீர்கள் என்று கேட்டுவிடுங்கள்.

கறியைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பரண் குட்டியில் குண்டிக்காயை (சிறுநீரகத்தை) சுற்றிக் கொழுப்பு கெட்டியாகப் படிந்திருக்கும். சட்டியில் போட்டதும் நெய் விட்டுக்கொண்டு சீக்கிரம் வேகும். பிரியாணிக்கு அது நன்றாக இருக்கும். கொறங்காட்டுக் கறிக்கு இன்னும் இரண்டு விசில் வேண்டும், ஆனால் கறியின் வாசமே தனி. சின்ன வெங்காயமும் வரமிளகாயும் தேங்காய்ச் சில்லும் போட்டு வறுத்தால் மசாலாவை மீறி அது தெரியும். எனக்கு அதற்காகவே கொறங்காட்டுக் கறி வேண்டும்.

புல் தின்ற ஆட்டின் கொழுப்பில் ஒமேகா-3 கூடுதல் என்பதும் உண்மைதான். ஆனால் மத்தி மீனில் இருப்பதோடு பார்த்தால் அது சொற்பம். அதற்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.

சரி, மேய்ந்த குட்டிதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? புல் மேய்ந்த மாட்டின் கொழுப்பு மஞ்சளோடியிருக்கும். ஆட்டில் பெரும்பாலும் இரண்டுமே வெள்ளைதான், அதனால் நிறம் உதவாது. குளம்பைப் பாருங்கள். சரளை மண்ணில் நடந்த குட்டிக்குக் குளம்பு தேய்ந்து கச்சிதமாக இருக்கும். அடைத்து வளர்த்ததற்கு, வெட்டிவிடாவிட்டால், நீண்டு வளைந்திருக்கும். அப்புறம் உதட்டைத் தூக்கிப் பல்லையும் பாருங்கள். பால் பல் விழுந்து புதுப் பல் போடாத குட்டி என்றால் எந்த வளர்ப்பானாலும் கறி மெத்தென்று இருக்கும். நாலு பல் போட்ட கிடா என்றால் தானியம் தின்றதுகூட இழுக்கும்.

உயிர் எடைக்கு வாங்குபவர்கள், காலையில் தீனியும் தண்ணீரும் காட்டும் முன்பே எடை போடச் சொல்லுங்கள். வயிற்றில் கிடக்கும் தீனிக்கும் தண்ணீருக்கும் சேர்த்து நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

இரண்டுக்கும் நடுவிலும் ஒரு வழி உண்டு. பகலெல்லாம் கொறங்காட்டில் விட்டு, கடைசி மாதம் மட்டும் சாயங்காலம் குட்டிக்கொரு கைப்பிடி மக்காச்சோளம் வைப்பவர்கள் இருக்கிறார்கள். மேய்ந்த வாசமும் போகாது, கறியும் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கும். மாசிக்குப் பிறகு கறி வேண்டுமென்றால் அப்படி வளர்ப்பவரைத் தேடிப் பிடித்து, ஒரு மாதம் முன்பே முன்பணம் கொடுத்துச் சொல்லிவையுங்கள்.