பெண் நாய்க்கு கர்ப்பப்பையில் சீழ்: "ஞாயித்துக்கிழமை பண்ணிக்கலாம்" என்றால் நம்பி உட்காராதீர்கள்

சேலத்தில் கருத்தடை செய்யாத பெண் நாய் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

எங்கள் பொம்மி நாட்டு நாய், எட்டு வயசு. ஹீட் (இணை சேரும் பருவம்) முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. திடீரென்று கிண்ணம் வைக்க வைக்கத் தண்ணீரைக் காலி பண்ணினாள், சோற்றைத் தொடவில்லை. வாலுக்கு அடியில் ஓயாமல் நக்கினாள். படுத்திருந்த சாக்கில் பழுப்பும் சிவப்புமாகக் கறை, கிட்டே போனாலே அழுகல் வாடை.

ஊருக்குள் பெயர் வாங்கிய ஒரு தனியார் கிளினிக்குக்குத் தூக்கிப் போனோம். ஸ்கேன் பார்த்துவிட்டு பயோமெட்ரா, அதாவது கர்ப்பப்பையில் சீழ் என்றார்கள். நோயைச் சரியாகத்தான் கண்டுபிடித்தார்கள். "ஆபரேஷன் பண்ணணும், ஆனா உடம்பு தேறட்டும், ஞாயித்துக்கிழமை வெச்சுக்கலாம்" என்று சொல்லி முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். அதுவரை தினம் ஊசி, தினம் பணம்.

நடுவில் சீழ் வடிவது நின்றது. "மருந்து கேக்குதுங்க" என்றார்கள். எங்களுக்கும் நிம்மதி. ஆனால் அன்று ராத்திரியே வாந்தி, வயிறு உப்பல், பின்னங்காலை ஊன்ற முடியவில்லை. கர்ப்பப்பை வாய் மூடிக்கொண்டால் சீழ் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தேங்கும். பை கிழியலாம், விஷம் ரத்தத்தில் ஏறி கிட்னியைக் கெடுக்கலாம். வடிவது நிற்பதுதான் இந்த நோயில் பயப்பட வேண்டிய கட்டம்.

மறுநாள் நான் சத்தம் போட்ட பிறகுதான் அங்கே வேலை செய்யும் பையன் சொன்னான்: "அக்கா, ஆபரேஷன் பண்ற டாக்டர் வெளியூருங்க, ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் வருவாரு." அவள் உடம்பு தேறுவதற்காக நாள் தள்ளவில்லை! இதை முதல் நாளே சொல்லியிருந்தால் அப்போதே வேறு இடம் போயிருப்போம்.

அங்கிருந்தே வண்டி பிடித்து ராசிபுரம் வழியாக நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே முதல் கேள்வியே, "என்ன ஊசி போட்டாங்க?" கையில் இருந்த சீட்டில் 'ஊசி', 'மருந்து' என்று எழுதி எதிரில் தொகை மட்டும். ஒரு மருந்தின் பெயர்கூட இல்லை. ரத்தம் எடுத்தார்கள், டிரிப்ஸ் ஏற்றினார்கள், அன்றைக்கே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். பிழைத்துக்கொண்டாள். கிட்னிக்கு மட்டும் இன்னும் மருந்து ஓடுகிறது.

ஆபரேஷனுக்கு முன்னால் டிரிப்ஸும் ஆன்டிபயாடிக்கும் கொடுத்து உடம்பைத் தேற்றுவது உண்டு, அதை நான் குறை சொல்லவில்லை. அது சில மணி நேரம், மிஞ்சினால் ஒரு நாள். நாள்கணக்கில் தள்ளுகிற விஷயமில்லை. அதனால் முன்பணம் கொடுக்கும் முன்பே, கத்தி பிடிக்கிற டாக்டர் யார், இன்றைக்கு இருக்கிறாரா, ராத்திரி மோசமானால் யார் பார்ப்பார்கள் என்று நேராகக் கேளுங்கள். போடுகிற ஒவ்வொரு ஊசியின் பெயரையும் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

அந்த கிளினிக்கில் கொடுத்த முன்பணம் இன்னும் திரும்பி வரவில்லை. போன் செய்தால் "டாக்டர் வரட்டுங்க" என்கிறார்கள். கால்நடை மருத்துவ கவுன்சிலுக்கு எழுத்தில் புகார் கொடுக்கப் போகிறேன். இதே மாதிரி அனுபவப்பட்டவர்கள் சீட்டு, ஸ்கேன் படம் எதையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.