அடாப்டரை மாற்றவா, சார்ஜிங் ஜாக்கை மாற்றவா?

செங்கோட்டை, புளியரை பக்கம் ஐப்பசி இடிமழைக்குப் பிறகு லேப்டாப்பில் சார்ஜ் ஏறவில்லையா? முதல் சந்தேகம், லேப்டாப்பில் பிளக் நுழையும் ஜாக் மேல் அல்ல, அடாப்டர் மேல்தான் இருக்கட்டும். அதை மாற்ற ஒரு ஸ்க்ரூவும் கழற்ற வேண்டாம்.

மல்டிமீட்டரை 200 வோல்ட் டிசியில் வைத்து அளந்தால், பெரும்பாலான உருளைப் பிளக்கில் 19 முதல் 20 வோல்ட் வரும். நடுவில் மெல்லிய ஊசி இருந்தால் அதைத் தொடாதீர்கள். அது அடாப்டரை அடையாளம் காட்டும் ஊசி. பிளக்கின் உள்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் இடையில் அளக்க வேண்டும். டைப்-சி சார்ஜரை இப்படி அளந்து பயனில்லை. லேப்டாப்போடு இணைந்த பிறகே அது முழு வோல்ட் தரும்.

மீட்டரில் 19 காட்டியும், லேப்டாப் மின்சாரம் இழுக்கத் தொடங்கியதும் வோல்ட் விழுந்துவிடும் அடாப்டர்கள் உண்டு. அதே வோல்ட், அதே பிளக், அதே அல்லது கூடுதல் ஆம்பியர் உள்ள இன்னொன்றைப் போட்டுப் பாருங்கள். 65 வாட் கேட்கும் மெஷினுக்கு 45 வாட் போட்டால் ஓடும், பேட்டரி ஏறாமல் போகலாம்.

பிளக்கை அசைத்தால் சார்ஜ் விளக்கு மினுங்குகிறதா, ஜாக் சுடுகிறதா? இன்னொரு அடாப்டரிலும் அப்படியே என்றால் பெரும்பாலும் ஜாக்தான். வயரோடு வரும் ஜாக் என்றால் மலிவு, சுலபம். போர்டிலேயே சால்டர் செய்ததை வீட்டில் தொடாதீர்கள். ஜாக்கை சால்டர் செய்திருக்கும் செம்புப் பட்டை (பேட்) பெயர்ந்தால் போர்டுக்கே சேதம்.