மேட்பவர்: ஏற்காட்டு மலை ஃபீடருக்கு ஒத்துவருமா?

கம்பி தாங்குகிற அளவை மீறாமல் யாருக்கு எவ்வளவு மின்சாரம், எந்த இடத்தில் என்ன விலை என்பதை ஒரே கணக்கில் சொல்லிவிடும் மென்பொருள் மேட்பவர். இலவசம், மேட்லேப் என்ற கணித மென்பொருள் இல்லாவிட்டால் அதைப் போன்ற, இலவசமான ஆக்டேவிலும் ஓடும். மேட்டூரிலிருந்து கிளம்பும் பெரிய லைன்களுக்குக் குறையே சொல்ல முடியாது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறுகிற மாதிரியான நீண்ட 11 கேவி ஃபீடர் (ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் விநியோக லைன்) என்றால்தான் பார்த்துக் கையாள வேண்டும்.

வரம்புகளுக்குள் மிகக் குறைந்த செலவில் மின்சாரத்தைப் பங்கிடும் கணக்குக்கு ஓபிஎஃப் என்று பெயர். அதன் எளிமைப்படுத்திய வடிவமான டிசி ஓபிஎஃப் பக்கமே போகாதீர்கள். வேகம்தான், ஆனால் ரெசிஸ்டன்ஸும் வோல்டேஜும் அதன் கண்ணில் படாது. இத்தகைய லைன்களில் போடும் 'ராபிட்' (Rabbit) ரகக் கம்பிக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 0.55 ஓம் ரெசிஸ்டன்ஸ். ரியாக்டன்ஸ் அதைவிடக் குறைவு. அதனால் இரண்டையும் கணக்கில் எடுக்கும் ஏசி ஓபிஎஃப் ஒன்றே வழி. லைனின் ஓமை மேட்பவருக்கு அப்படியே கொடுக்கக் கூடாது, ஓர் அடிப்படை அளவால் (பேஸ்) வகுத்து 'பெர்-யூனிட்' எண்ணாகக் கொடுக்க வேண்டும். 100 எம்விஏ பேஸில் 11 கேவிக்கு 1.21 ஓம்தான் ஒரு பெர்-யூனிட். 10 கிலோமீட்டரின் 5.5 ஓமை வகுத்தால் 4.55. வகுக்க மறந்து 5.5 என்றே போட்டாலும் மென்பொருள் வாய் திறக்காது. லைன் நஷ்டம் கூடி, மலை மேல் விலை மட்டும் ஏறி நிற்கும்.

இதைவிட மோசமானது லைன்களைப் பட்டியலிடும் பிராஞ்ச் அட்டவணையில், லைனின் வரம்பைக் குறிக்கும் 6-ஆவது பத்தி (column). அங்கே 0 போட்டால் 'தெரியாது' என்று அர்த்தமில்லை, 'வரம்பே இல்லை' என்று அர்த்தம். சரியான எண்ணைப் போட்டாலும் வரம்பை எம்விஏவில்தான் பார்க்கும். கம்பியைச் சுடவைப்பதோ கரன்ட். வோல்டேஜ் இயல்பு அளவில் 0.91 பங்குக்கு இறங்கினால் அதே எம்விஏவுக்குக் கரன்ட் 10 சதவீதம் கூடுதல். ஆப்ஷனில் ஃப்ளோ லிமிட்டை கரன்டுக்கு மாற்றிவிடுங்கள்.

விலை, லைன்கள் சேரும் இடங்களைப் பட்டியலிடும் பஸ் அட்டவணையின் 14-ஆவது பத்தியில் வரும். யூனிட் 4 ரூபாய் என்றால் செலவை 4000 என்று கொடுக்க வேண்டும், கணக்கு மெகாவாட்-மணிக்கு. பிராஞ்ச் அட்டவணையின் 18, 19 இரண்டும் பூஜ்யம் என்றால் அந்த லைனில் நெரிசல் இல்லை. விலை வித்தியாசத்துக்குக் காரணத்தை நஷ்டத்திலும் வோல்டேஜ் வரம்பிலும் தேடுங்கள்.

காப்பி பல்ப்பர், கார் சார்ஜர் மாதிரி தள்ளிப்போடக்கூடிய லோடை நெகட்டிவ் ஜெனரேட்டராக எழுதலாம்: 50 கிலோவாட்டுக்கு, மெகாவாட் கணக்கில், பி-மின் (குறைந்தபட்ச உற்பத்தி) -0.05, பி-மேக்ஸ் (அதிகபட்சம்) 0. கியூ (ரியாக்டிவ் பவர்) வரம்பு இரண்டில் ஒன்றாவது 0 இல்லையென்றால் எரர் அடித்து நின்றுவிடும்.

விடையே வராவிட்டால் வரம்புகளைக் கண்டபடி தளர்த்தாதீர்கள். அபராதத்தோடு வரம்பை மீற விடும் சாஃப்ட்லிம்ஸ் வசதியை ஆன் செய்து ஓட்டினால் எந்த வரம்பு, எவ்வளவு மீறுகிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

ஒரு லைன் அறுந்தாலும் மற்றவை தாங்குமா என்ற சோதனை அடிப்படை ஓபிஎஃப்பில் கிடையாது. ஒற்றை வழி மலை ஃபீடருக்கு அது தேவையும் இல்லை. கீழே 110 கேவி வலைக்குத் தேவை. அதற்கு மேட்பவரின் கூடவே வரும் மோஸ்ட் (MOST) என்ற திட்டமிடல் கருவியைப் பழக வேண்டும், அது லேசில் பிடிபடாது.