பேட்டரி 40 ரூபாய்

கும்பகோணத்தில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். வினாத்தாள் அடிக்க ஒரு கணினி, ஒரு இங்க் டேங்க் பிரிண்டர், வாசலைப் பார்க்க ஒரு வைஃபை கேமரா. அரைப் பரீட்சை நேரத்தில் மூன்றும் ஒரே வாரத்தில் மக்கர் பண்ணின.

கணினியை முதலில் ஒரு கடைக்குத் தூக்கிப் போனேன். மதர்போர்டு போய்விட்டது, 6,500 ஆகும் என்றார்கள். மனசு கேட்காமல் திருப்பி எடுத்து வந்துவிட்டேன். ஒரு மாணவியின் அம்மா சொல்லித்தான் பாலக்கரைப் பக்கம் மாடியில் இருக்கும் இன்னொரு கணினி பழுதுபார்க்கும் கடைக்குப் போன் செய்தேன். வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள்.

வந்த தம்பி ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவில்லை. கணினியைப் போடச் சொல்லி, மூலையில் தெரிந்த தேதியைப் பார்த்தார். 2017 ஜனவரி 1. "அக்கா, ராத்திரி சுவர் சுவிட்சையும் அணைச்சிடுவீங்களா?" என்று கேட்டார். ஆமாம், எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம். மதர்போர்டில் காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கிறது. மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்துபோனதால் காலையில் தேதி பழைய காலத்துக்குப் போய்விடுகிறது. தேதி தப்பாக இருந்தால் வங்கி, மெயில் போன்ற தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரௌசர் தடுத்துவிடும். இத்தனை நாள் நெட்தான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பேட்டரியின் பெயர் சிஆர் 2032, விலை 40 ரூபாய். மாற்றித் தேதியைச் சரிசெய்ததும் எல்லாத் தளமும் திறந்தது. 6,500 எங்கே, 40 எங்கே!

கேமரா, புது ரௌட்டர் வந்த நாளிலிருந்தே இணையவில்லை. புது ரௌட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு வைஃபை அலைவரிசைகளையும் ஒரே பெயரில் காட்டுகிறது. என் கேமராவுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, போனை 2.4-இல் போட்டுச் சேர்த்ததும் வாசல் தெரிந்தது.

பிரிண்டர் கரண்ட் போய் வரும்போதெல்லாம் 'ஆஃப்லைன்' என்றே நிற்கும். ரௌட்டர் ஒவ்வொரு முறையும் அதற்குப் புது நெட்வொர்க் முகவரி கொடுத்துவிடுகிறதாம், கணினி பழைய முகவரியிலேயே தேடிக்கொண்டிருக்கிறது. ரௌட்டருக்குள் போய் பிரிண்டருக்கு நிலையான முகவரி ஒன்றை ஒதுக்கினார். சிவப்பு விழாததற்கு நான் பத்து முறையாவது ஹெட் கிளீனிங் (மை வரும் துளைகளைப் பிரிண்டரே சுத்தம் செய்வது) கொடுத்திருப்பேன். அதைக் கேட்டதும் முகம் சுருங்கியது. ஒவ்வொரு கிளீனிங்கும் மையை உறிஞ்சிக் கழிவுப் பஞ்சில் கொட்டுகிறது, பஞ்சு நிறைந்தால் பிரிண்டரே நின்றுவிடும். இரண்டு முறை செய்துவிட்டு ஓர் இரவு சும்மா விடுங்கள், வாரம் ஒரு கலர் பக்கமாவது அடியுங்கள் என்றார். மறுநாள் காலை சிவப்பு கோடு விடாமல் விழுந்தது.

எனக்குப் பிடித்தது, செய்ததையெல்லாம் என்னையே ஒருமுறை செய்ய வைத்தது. அடுத்த முறை கூப்பிட வேண்டியிருக்காது என்று தெரிந்தே சொல்லிக்கொடுத்தார். வந்து போனதற்கு 400, பேட்டரியோடு சேர்த்து 440.

குறையும் உண்டு. காலை 10 மணிக்கு வருவதாகச் சொல்லி மதியம் 3 மணிக்குத்தான் வந்தார். அன்று இரண்டு வகுப்பைத் தள்ளிப்போட்டேன். பில்லும் கேட்ட பிறகுதான் எழுதிக் கொடுத்தார். அவசரம் என்றால் முந்தின நாள் சாயங்காலமே சொல்லிவையுங்கள். பகலில் வெளி வேலையில் இருப்பதால் போனை எடுப்பதில்லை.