டயர் மாற்றிய ஜிப்சிக்கு மீட்டர் திருத்தம்: பினியனா, ரேஷியோ பெட்டியா, ஜிபிஎஸ்ஸா?

பொள்ளாச்சி, உடுமலை, சத்தி பக்கம் தோப்பும் காடும் வைத்திருப்பவர்களிடம் மாருதி ஜிப்சியும் பழைய மஹிந்திரா ஜீப்பும் இன்னமும் நன்றாகவே ஓடுகின்றன. வண்டி கைக்கு வந்ததும் முதலில் மாறுவது டயர்தான். டயர் மாறிய அன்றிலிருந்து ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டத் தொடங்குகிறது. அதைச் சரிசெய்ய வழிகள் பல. எந்த வண்டிக்கு எது பொருந்தும் என்று பார்க்காமல் காசைப் போடுகிறவர்களைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. ஜிப்சியின் கம்பெனி டயர் 205/70 ஆர்15, அதன் விட்டம் ஏறக்குறைய 668 மில்லிமீட்டர். அதில் 235/75 ஆர்15 போட்டால் விட்டம் 733 ஆகிறது, கிட்டத்தட்ட 10 சதவீதம் கூடுதல். முள் 80-இல் நிற்கும்போது வண்டி உண்மையில் 88-இல் போகிறது. 31 அங்குல டயர் என்றால் வித்தியாசம் 18 சதவீதம். முள் 60 காட்டும்போது வேகம் 70-ஐத் தாண்டிவிடும். புது மஹிந்திரா தார் வண்டியில் 255/65 ஆர்18-ஐக் கழற்றி 285/70 ஆர்17 போடுகிறவர்களுக்கு 5 சதவீதம்தான்.

இந்த 5 சதவீதக்காரர்கள் பெரும்பாலும் எதுவுமே செய்ய வேண்டியதில்லை. மீட்டர் உண்மை வேகத்துக்குக் கீழே காட்டவே கூடாது என்பது பன்னாட்டு விதி. அதனால் கம்பெனிகள் முள்ளைச் சில சதவீதம் கூட்டியே வைத்து அனுப்புகின்றன. டயர் சற்றுப் பெரிதானால் அந்தக் கூடுதல் கரைந்து முள் சரியான இடத்துக்கு வந்துவிடும். ஆனால் கிலோமீட்டர் எண்ணிக்கைக்கு இந்தச் சலுகை கிடையாது. 235 டயர் போட்ட ஜிப்சியில் 100 கிலோமீட்டர் ஓடினால் மீட்டரில் 91-தான் ஏறும். உண்மையில் லிட்டருக்கு 11 தரும் வண்டியை 10 தருகிறது என்று நினைத்து கார்புரேட்டரைக் குடைந்துகொண்டிருப்பார்கள். ஆயில் மாற்றுவதும் அதே கணக்கில் தள்ளிப்போகும்.

எந்த வழிக்குப் போகும் முன்பும் ஒரு சோதனை கட்டாயம். பெருந்துறைக்கும் அவிநாசிக்கும் நடுவே சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல் பார்த்து 10 கிலோமீட்டர் ஓட்டி, எண்கள் எவ்வளவு ஏறின என்று குறித்துக்கொள்ளுங்கள். அதே ஓட்டத்தில் போன் ஜிபிஎஸ்ஸை ஒருவர் பார்க்க, முள்ளை 60-இல் நிறுத்தி உண்மை வேகத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். கேபிள் மீட்டரில் எண்கள் பல்சக்கரத்தால் நகர்கின்றன. முள்ளோ சுழலும் காந்தத்தின் இழுப்புக்கும் ஒரு மெல்லிய சுருள் ஸ்பிரிங்குக்கும் இடையில் நிற்கிறது. இரண்டிலும் பிழை ஏறக்குறைய ஒரே அளவானால் காரணம் டயர். எண்கள் சரியாக ஏறி முள் மட்டும் தப்பினால், காந்தமோ ஸ்பிரிங்கோ தளர்ந்திருக்கிறது. அது மீட்டர் மெக்கானிக் பார்க்க வேண்டிய வேலை, எந்தப் பல்சக்கரத்தை மாற்றினாலும் தீராது. இந்தச் சோதனையைத் தாண்டித்தான் பினியனா பெட்டியா என்ற பேச்சே.

கேபிள் உள்ள வண்டிகளில் எனக்குப் பிடித்தது பினியன் மாற்றுவதுதான். இழுவையை முன், பின் ஆக்ஸிலுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் வெளித்தண்டில், திருகுபோல் மரை வெட்டிய புழுப்பல் ஒரு சின்னப் பல்சக்கரத்தை, அதாவது பினியனை, சுற்றுகிறது, அதன் வாலில் கேபிள் சொருகியிருக்கிறது. வெளித்தண்டில் இருப்பதால் லோ கியர் போட்டாலும் மீட்டர் தப்பாது. பினியனில் பல் குறைந்தால் கேபிள் வேகமாகச் சுற்றும். 20 பல் இருப்பதாக வைத்துக்கொண்டால் ஜிப்சியின் 10 சதவீதத்துக்கு நமக்கு வேண்டியது 18.2, பின்னப் பல் வெட்ட முடியாது என்பதால் 18. அதில் முள் ஒரு சதவீதம் கூட்டிக் காட்டும், அது நல்ல பக்கம்தான். நூல் மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ரிங் ஃபிரேமில் நூலின் முறுக்கை மாற்ற சேஞ்ச் வீலைக் கழற்றி மாட்டுவார்களே, அதே கணக்கு.

மில்லுக்கும் பம்புக்கும் பல்சக்கரம் வெட்டிப் பழகிய பட்டறைகள் கோவையில் இருப்பது நமக்கொரு வசதி. ஆனால் வெறும் எண்ணிக்கையோடு போய் நிற்காதீர்கள். கணபதியில் ஒரு பட்டறைக்காரர் பழைய பினியனை விரலிடுக்கில் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்ண்ணா, பல்லை மட்டும் எண்ணிக் கொண்டாந்தா பத்தாதுங்க. சாய்வும் வேணும், அது கடிக்கிற புழுவும் வேணும். சாய்வு தப்புச்சுன்னா புழுவை அரைச்சுப்போடும்." அவர் சொன்னது முழுக்க உண்மை. பல் குறையக் குறைய வெளிவிட்டமும் சுருங்கும், அதனால் ஓரளவுக்கு மேல் குறைத்தால் புழுவோடு சரியாகக் கடிக்காது. ஒன்றிரண்டு பல்லுக்கு இந்த வழி ஒத்துவரும். 31 அங்குல டயரின் 18 சதவீதத்துக்குப் பெரும்பாலும் ஒத்துவராது. நைலானில் வந்த பினியனுக்கு நைலானே போடுங்கள். சிக்கிக்கொண்டால் பினியன் போகட்டும், உள்ளே இருக்கும் புழு பிழைக்க வேண்டும். கழற்றும்போதே ஆயில் சீலையும் மாற்றிவிடுவது நல்லது.

18 சதவீதக்காரர்களுக்கு ரேஷியோ பெட்டி. கேபிளின் ஒரு முனையில் மாட்டும் உள்ளங்கை அளவு கியர் பெட்டி அது. உள்ளே நினைத்த விகிதத்தை வைக்கலாம். ஜிப்சியின் 10 சதவீதத்துக்கு 45-க்கு 41 பல் ஜோடி அச்சாகப் பொருந்தும். டிரான்ஸ்ஃபர் கேஸைத் தொட வேண்டியதில்லை, பழைய டயருக்குத் திரும்பினால் கழற்றி வைத்துவிடலாம். ஒரே ஜோடிப் பல் என்றால் சுழலும் திசை மாறி முள் பூஜ்யத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கும். திசையைத் திருப்ப நடுவில் இன்னொரு பல்சக்கரம், அதாவது ஐட்லர், வேண்டும். பெட்டியின் நீளத்தால் கேபிள் கூர்மையாக வளைந்தால் முள் நடுங்கும். கீழ்முனையில் மாட்டினால் சேறும் ஓடைத் தண்ணீரும் உள்ளே போகும் என்பதால், மீட்டர் முனையில் இடம் இருந்தால் அங்கேதான் மாட்டச் சொல்வேன். கிரீஸ் வைப்பதை மறந்தால் ஆயுள் குறைவு.

இவை இரண்டையும்விடச் சுத்தமான ஒரு வழி உண்டு, ஆனால் செலவு பெரிது: ஆக்ஸிலுக்குள் சக்கரங்களைச் சுற்ற வைக்கும் கிரௌன் பினியன் ஜோடியை மாற்றுவது. பெரிய டயர் போட்டதால் வண்டி மேடேறத் திணறுகிறது என்று எப்படியும் ஆக்ஸிலைப் பிரிக்கப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த ஜோடியின் பல் விகிதம் 4.88-இலிருந்து 5.38-க்குப் போனால் 10 சதவீதம் மாறுகிறது. டயரும் 10 சதவீதம் பெரிதாகியிருந்தால் இரண்டும் கழிந்து மீட்டர் தானாகச் சரியாகிவிடும், இழுவையும் திரும்பி வரும். நான்கு சக்கர இழுவை வண்டியில் முன் ஆக்ஸிலுக்கும் அதே விகிதம் போட்டாக வேண்டும். மீட்டருக்காக மட்டும் இதில் இறங்க வேண்டாம்.

கேபிள் இல்லாமல் கியர்பாக்ஸில் சென்சார் வைத்த வண்டிகளுக்குத் துடிப்புத் திருத்தும் கருவி போதும். சென்சாரிலிருந்து மீட்டருக்குப் போகும் சிக்னல் வயரை வெட்டி நடுவில் இணைத்தால், துடிப்புகளைச் சொன்ன விகிதத்தில் பெருக்கி அனுப்பும். தசம அளவுக்குத் திருத்தலாம், பினியனில் கிடைக்காத துல்லியம் இது. சென்சார் இரண்டு வயரா மூன்று வயரா என்று பார்த்து அதற்கேற்ற கருவி வாங்க வேண்டும். வயர் இணைப்பைப் பற்ற வைத்து உறை போடாவிட்டால், வால்பாறை மழையில் முதலில் போவது அந்த இணைப்புதான். ஏபிஎஸ் உள்ள புது வண்டிகளில் வேகம் சக்கர சென்சார்களிலிருந்து கணினி வழியாக வருவதால் இந்தக் கருவி உதவாது. அங்கே டயர் அளவை மென்பொருளில் மாற்ற வேண்டும். அதை வாரண்டியைக் கேட்டுக்கொண்டு, அந்த வண்டியைத் தெரிந்தவரிடம் மட்டும் செய்யுங்கள்.

ஜிபிஎஸ் மீட்டரைத் தீர்வாக நான் ஏற்கவில்லை. நேர்ச்சாலையில் சீராக ஓடும்போது அதைப்போல் துல்லியம் எதிலும் இல்லை, அதனால் சோதிக்க அதுவே சிறந்தது. திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் கதை வேறு. ஒரு பக்கம் மலை வானத்தை மறைக்க, மறு பக்கம் மரம் மூட, எண் ஒரு நொடி பின்தங்கியே வரும். பிரேக்கில் கால் வைத்த பிறகும் பழைய வேகம் காட்டும் மீட்டரை இறக்கத்தில் நம்ப முடியாது. அதோடு, வண்டி மீட்டரில் கிலோமீட்டர் கணக்கு அதே தப்போடுதான் ஏறிக்கொண்டிருக்கும்.

எதைச் செய்தாலும் டயர் அளவு சரியாகிவிட்டதாக அர்த்தமில்லை. ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. அதை ஆர்டிஓ அலுவலகத்தில் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தோப்புக்கு மட் டயர், ரோட்டுக்குக் கம்பெனி டயர் என்று இரண்டு செட் வைத்திருப்பவர்கள் பினியன் பக்கமே போக வேண்டாம். கேபிள் வண்டி என்றால் ரேஷியோ பெட்டி, மட் டயரோடு சேர்த்து மாட்டிக் கழற்றலாம். சென்சார் வண்டி என்றால் இரண்டு அளவை நினைவில் வைக்கும் கருவியாகப் பார்த்து வாங்குங்கள். பொருத்தியதும் அதே 10 கிலோமீட்டரை இரண்டு செட் டயரிலும் ஓட்டிப் பாருங்கள், டயரில் வழக்கமாக வைக்கும் காற்றும் வழக்கமான பாரமும் இருக்கும்படி.