தெருவில் நிற்கும் காட்டெருமை, வரைபடத்தில் அடிவாரத்தில்

கொடைக்கானலுக்குக் குடிவரவிருக்கும் நண்பர் ஒருவர், உயிரினங்களைப் படமெடுத்துப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) செயலியைத் தாமும் நிறுவலாமா என்று சென்ற வாரம் கேட்டார். 2021 முதல் அதைப் பயன்படுத்தி வரும் நான் உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும், முடியவில்லை. காரணம் காட்டெருமை.

எங்கள் தெருவுக்கு அது விருந்தாளி அன்று. இருட்டியதும் ஏறி வந்து, வேலியோரப் புல்லை மேய்ந்துவிட்டு, விடியுமுன் சீகைமரக் காட்டுக்குள் இறங்கிவிடும். (பெயரில்தான் எருமை, இனத்தால் மாடு என்பதை இங்கு வருவோர்க்கெல்லாம் சொல்ல வேண்டியிருக்கிறது.) ஒருமுறை வாயிற்கதவுக்கு அப்பால் ஐந்தடியில் நின்றது: முழங்காலுக்குக் கீழே சுண்ணாம்பில் முக்கியெடுத்தாற்போன்ற வெள்ளை, மூச்சுக்கு மூச்சு மூடுபனியில் கலந்த ஆவி, இடது கொம்பின் நுனியில் சிறு பிளவு. அந்தப் பிளவை அடையாளமாகக் கொண்டு அதே விலங்கை 30 முறைக்கு மேல் பதிந்திருக்கிறேன்.

அழியக்கூடிய இனம் என்பதால், வேட்டையாடுவோருக்குத் துப்புக் கிடைக்காதிருக்க, செயலி அதன் இடத்தை மறைத்து, சுமார் 20 கி.மீ. அகலமுள்ள கட்டத்துக்குள் ஏதோ ஓரிடத்தில் புள்ளி வைக்கிறது. தேதியையும் மறைத்து மாதத்தை மட்டும் காட்டுகிறது. சமவெளியில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். மலையில் 20 கி.மீ. என்றால், 2,100 மீட்டர் உயரத்தில் கம்பளி போர்த்தி நிற்கிறவனை அடிவாரத்துத் தென்னந்தோப்பில் கொண்டுபோய் விடலாம். எந்தத் திருப்பத்தில் விளக்கு வேண்டும் என்று காட்டுவதற்காகக் குடியிருப்போர் கூட்டத்தில் வரைபடத்தைத் திறந்தேன். எங்கள் தெரு மாடு இளநீர் குடிக்கப் போயிருந்ததைக் கண்டு எல்லோரும் சிரித்தார்கள்.

ஆர்க்கிட் செடியைப் பெயர்த்து விற்பவர்கள் இருக்கும் ஊரில் இடத்தை மறைப்பது சரிதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கடைத்தெருவே அறிந்த விலங்கை யாரிடமிருந்து மறைப்பது? இத்தனைக்கும், நம் ஊர்ச்செடி என்று நான் நம்பியிருந்த இளஞ்சிவப்புப் பூக்கொடி ஆண்டீஸ் மலையிலிருந்து வந்தது என்று, முகமறியாத ஒருவர் பொறுமையாக விளக்கியதும் இதே செயலியில்தான். அந்தக் கொடியின் இடத்தை மட்டும் அடி பிசகாமல் காட்டுகிறது.

நண்பருக்கு வேண்டாம் என்றே எழுதிவிட்டேன். தெருக்கணக்கு இப்போது முனைக்கடை நாட்காட்டியில் இருக்கிறது: கண்டவர்கள் அன்றைய தேதிக்கட்டத்தில் நேரத்தையும் வீட்டு எண்ணையும் பென்சிலால் எழுதுகிறார்கள். மாதம் முடிந்ததும் அந்தத் தாளைக் கிழித்து என்னிடம் கொடுப்பார் கடைக்காரர். நான் வீட்டுக்கு வந்து, வாயில் முணுமுணுப்போடு, படமுள்ளவற்றையெல்லாம் செயலியில் ஏற்றிக்கொண்டிருப்பேன்.