மாவு வியாபாரத்துக்கு முன்: கையில் உள்ள தரவா, களத்தில் எடுக்கும் தரவா?

ஊரில் இட்லி மாவு பாக்கெட் போட்டு விற்க நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கிரைண்டர் வாங்கும் முன் சந்தையை அறிய இரண்டு வழி உண்டு. பிறர் ஏற்கெனவே திரட்டியதை எடுத்தால் இரண்டாம் நிலைத் தரவு. நீங்களே இறங்கித் திரட்டினால் முதல்நிலைத் தரவு.

செலவு குறைவு என்பதால் இரண்டாம் நிலையில் தொடங்குவதே சரி. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வார்டுவாரியாக வீடுகளின் எண்ணிக்கை கிடைக்கும். ஆனால் அது 2011 கணக்கு. பிறகு முளைத்த நகர்கள் அதில் இல்லை. 2022-23 நுகர்வுச் செலவு ஆய்வின்படி, தமிழக நகர்ப்புறத்தில் ஒருவரின் சராசரி மாதச் செலவு 7,630 ரூபாய். மாநில சராசரியான அதை வைத்து உங்கள் தெருவை அளக்க முடியாது. போட்டியாளர் பதிவுபெற்ற கம்பெனி என்றால் அதன் கணக்கறிக்கையை கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். தனி உரிமையாளர் என்றால் அங்கே எதுவும் இருக்காது.

இந்த ஓட்டைகளை அடைக்கத்தான் முதல்நிலை ஆய்வு. இதில் பலர் சறுக்கும் இடம் "எங்கள் மாவை வாங்குவீர்களா?" என்ற கேள்வி. முகத்துக்கு நேரே யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. "கடைசியா எப்போ வாங்கினீங்க, எந்தக் கடை, என்ன விலை, மீதி மாவை என்ன செஞ்சீங்க?" என்று நடந்ததைக் கேளுங்கள். 100 பேரிடம் கேட்டால் விடையில் 10 சதவீதம் வரை முன்பின் இருக்கும். அதை 5 ஆகக் குறைக்க 400 பேர் வேண்டும். அதுவும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தால்தான். வாட்ஸ்அப் குழுவில் 1,000 பேர் பதில் சொன்னாலும் இந்தக் கணக்கு பொருந்தாது.

கேள்வியே இல்லாத வழி இன்னும் நம்பகமானது. கடையில் காலையில் இறங்கும் பாக்கெட்டையும் இரவில் மிஞ்சுவதையும் ஒரு வாரம் முழுக்க எண்ணுங்கள். சனி, ஞாயிறை விட்டால் கணக்கு தப்பும்.

விலையை முடிவுசெய்ய சோதனை விற்பனைதான் வழி. இரண்டு கடைகளில் இரண்டு விலை வைத்து, அடுத்த வாரம் விலையை மாற்றிப் போடுங்கள். மாற்றாவிட்டால் விற்பனை கூடியது விலையாலா, கடை இருக்கும் இடத்தாலா என்று பிரித்தறிய முடியாது. புளித்துத் திரும்பி வரும் பாக்கெட்டுகளையும் கடைவாரியாகத் தனியே குறித்துவையுங்கள். அந்த நஷ்டம் உங்கள் தலையில்தான் விழும்.